பேனருக்குப் பரு கண்ட வரலாறு

மேற்கு மலையின் சாரல் வந்து விழும் சாரலூர் என்னும் பேரூரில், பேட்டைத் தெருவில், காலஞ்சென்ற ஆவுடையப்பனுக்கும் அவர் மனைவி உலகம்மாளுக்கும் ஒரே மகனாகப் பிறந்தவனும், ஊருக்கும் ரயிலடிக்கும் இடையே நாள் முழுதும் ஓடும் மினிபஸ்ஸில் நடத்துநராய் நின்றவனும், அகவை இருபத்து மூன்று நிறைந்து இருபத்து நான்கில் அடியெடுத்து வைத்தவனுமாகிய திருமலைக்கொழுந்து என்பான், தன் முகத்தைத் தன் முகமென்று ஊர் ஒப்புக்கொள்ளும்படி செய்த வரலாறு இது.

அவனுக்குப் பள்ளிப் பருவத்திலேயே நெற்றியில் தொடங்கிய பரு, கன்னங்களில் இறங்கி, தாடையைச் சுற்றி வளைத்து, முதுகுவரை போய்க் குடியேறியிருந்தது. நடத்துநராகப்பட்டவன் பயணிகளுக்கு முகம் காட்டியே நிற்க வேண்டியவன். ஆகையால் டிக்கெட்டுக்கு நீண்ட கை ஒவ்வொன்றும் கூடவே ஒரு வைத்தியத்தையும் நீட்டிற்று. சந்தைக்குப் போகிற பெண்கள் சாதிக்காயை உரைத்துப் பூசச் சொன்னார்கள், பள்ளி ஆசிரியர் வடையை விடச் சொன்னார், ரயிலடிப் பூக்காரி பல் துலக்கும் பேஸ்ட்டை அப்பிக்கொண்டு தூங்கச் சொன்னாள், உடம்புச் சூடு என்றார் ஒருவர், முகத்தைச் சரியாகக் கழுவுவதில்லை என்றார் மற்றொருவர், பின்சீட்டுக் கல்லூரி மாணவர்களோ கெட்ட நினைப்பினால் வருவது என்றும் கல்யாணமானால் அடங்கிவிடும் என்றும் சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கொழுந்தும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா ஊதுவதா என்று தெரியாத ஓர் ஒலியை எழுப்பிவிட்டு அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் கூவுவான்.

கரிசல்புதூர் சொள்ளமுத்துவின் மகள் பகவதியைப் பெண் பார்க்கப் போவதென்று முடிவானபோது, தாய்மாமன் குற்றாலிங்கம் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய ஒரு டியூபைக் கொண்டுவந்து, இதைப் பூசினால் முகம் புது வெண்கலப் பானை போலாகும் என்று மருமகன் கையில் திணித்தார். அப்படியே ஆயிற்று. பெண் வீட்டு டியூப்லைட்டின் கீழே அவன் முகம் பளபளத்த பளபளப்பைக் கண்டு சொள்ளமுத்துவுக்குப் பரம திருப்தி. பகவதி காப்பி கொண்டுவந்து, "டம்ளர் சுடும், விளிம்பைப் பிடிங்க" என்றாள், அவ்வளவே பேசினாள். அந்த ஒரு வாக்கியத்தை அவன் மடியில் முடிந்துகொண்டவன் போல ரயிலடிக்கும் ஊருக்குமாக நாள்தோறும் சுமந்து திரிந்தான், வேறொரு பெண்ணை மணப்பதில்லை என்று மினிபஸ் படிக்கட்டில் நின்றபடியே உறுதி பூண்டான். டியூப் தீர்ந்ததும் பருக்கள் முன்னிலும் கோபத்தோடு திரும்பி வந்தன.

சாரலூரில் எந்த நிகழ்ச்சியும் பேனர் எழும்பாமல் நிகழ்ந்ததாகக் கணக்கில்லை. பெண் பூப்பெய்தினாலும், வீடு குடிபுகுந்தாலும், ஆசிரியை ஓய்வு பெற்றாலும், ஒருவர் உயிர் நீத்தாலும், தெருமுனையில் இரண்டாள் உயரத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டு ஃபிளெக்ஸ் பேனர் கட்டப்படும். அந்தப் பேனர்கள் யாவும் அருள்ராயன் கடையில் பிறப்பவை. அருள்ராயன் கணினி முன் அமர்ந்து மவுஸை மெல்லத் தேய்க்கத் தேய்க்க, எந்த முகத்திலிருந்தும் பருவும் தழும்பும் மருவும் அம்மைக் குழியும் ஓடி ஒழியும். தாய்மார்கள் தம் பிள்ளைகளைப் பேனரில் பார்த்துத்தான் அவர்கள் எவ்வளவு அழகு என்று தெரிந்துகொள்வார்கள். வைகாசியின் முதல் முகூர்த்தத்தில் நடக்கவிருந்த திருமணத்துக்காக, கொழுந்தும் பகவதியும் தோளோடு தோள் நிற்பதாய் ஒட்டிச் சேர்த்து, உரித்த நுங்கு போன்ற இரண்டு முகங்களை அருள்ராயன் அச்சிட்டுக் கொடுத்தான். பேட்டைத் தெரு முனையில் அது எழும்பிற்று.

மறுநாள் காலையில் பேனருக்குப் பரு கண்டது.

முதலில் பார்த்தவள் பால் ஊற்றுகிற வேலம்மாள். மாப்பிள்ளையின் நெற்றியில் நடு நாமம் இடுகிற இடத்துக்குச் சற்று இடப்புறமாய்ச் சிவந்து ஒன்று புடைத்திருந்தது. அவள் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அதற்கு இரண்டு துணைகள் வந்திருந்தன. வெயில் ஏற ஏறக் கன்னத்திலும் தாடையிலும் மொட்டு மொட்டாய் எழும்பி, உச்சிப்பொழுதில் சிலவற்றுக்கு வெள்ளைத் தலை கட்டிற்று. ஏணி வைத்து ஏறித் தொட்டுப் பார்த்த குற்றாலிங்கம், ஃபிளெக்ஸ் துணி அந்த இடங்களில் மட்டும் இளஞ்சூடாக இருக்கிறதென்றும், அழுத்தினால் நோகும் போலிருக்கிறதென்றும் கீழே நின்றவர்களுக்கு அறிவித்தார். மாலைக்குள் மணப்பெண்ணின் தாடை ஓரத்திலும் சிறியனவாய் நாலைந்து அரும்பின.

ஊர் திடுக்கிடவில்லை. துணிக்கு வந்தால் என்ன, தோலுக்கு வந்தால் என்ன, வந்ததற்கு உரிய மரியாதையைச் செய்ய வேண்டியதுதானே என்று முப்பிடாதியம்மன் கோயில் பூசாரி தளவாய் அண்ணாச்சியை அழைத்து வந்தார்கள். அவர் கீழே நின்று அண்ணாந்து நெடுநேரம் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா வந்திருக்கா. முத்துப் போட்டிருக்கா" என்றார். அந்தச் சொல் விழுந்த கணத்திலிருந்து பேட்டைத் தெரு அம்மை கண்ட தெருவாயிற்று. பேனரைச் சுற்றி வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். அடியில் மண்சட்டியில் மோரும் இளநீரும் வைத்தார்கள். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை தெருவில் எவர் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது, தாளிப்பு வாடை அம்மன் மூக்கில் பட்டால் அவள் சினம் கண்ணிலே இறங்கும் என்பது தொன்றுதொட்ட வழக்கம். அம்மை இருக்கும் தெருவில் தாலி கட்டுவதில்லை என்பதும் அதே வழக்கம். திருமணம் நின்றது.

கரிசல்புதூரிலிருந்து சொள்ளமுத்து வந்து பேனரைப் பார்த்துவிட்டுக் கொதித்துப் போனார். அவருடைய வழக்கு வேறாக இருந்தது. தம் மகளின் படம் வரும்போது மாசுமருவற்று வந்ததென்றும், மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் நின்ற தோஷத்தால் அதற்கும் தொற்றிக்கொண்டதென்றும், தண்ணீர் ஊற்றி முடித்து ஆடி பிறப்பதற்குள் தாலி ஏறாவிட்டால் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தம் அக்காள் மகனுக்கே பெண்ணைக் கொடுத்துவிடப் போவதாகவும், பேனரைப் பார்த்தே சொல்லிவிட்டுப் போனார். கொழுந்து பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தான். அவனை அவர் பார்க்கவில்லை.

வழக்கமாய் அம்மை வாடி உதிரும் காலத்தில் பேனரில் எதுவும் வாடவில்லை. பழையவை அமிழ, புதியவை எழும்பின. அதோடு, ஊரில் நின்ற மற்றப் பேனர்களுக்கும் ஒவ்வொன்றாய் முத்துக் காணத் தொடங்கிற்று. ஓய்வு பெற்ற தலைமையாசிரியையின் கன்னத்தில் மரு திரும்பி வந்து உட்கார்ந்தது. கவுன்சிலரின் பிறந்தநாள் பேனரில் மூக்கு முழுதும் கரும்புள்ளி படர்ந்தது. கண்ணீர் அஞ்சலிப் பேனரில் மல்லிகை மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்த காலஞ்சென்ற தையற்காரர் பிரமநாயகத்துக்கு இரண்டு கன்னத்திலும் குழிகுழியாய்ப் பழைய பருத் தழும்பு இறங்கிற்று. அதைப் பார்த்த அவர் மனைவி, இந்தப் படத்தைக் கட்டிய நாள் முதல் இது யாரோ என்றிருந்ததாகவும் இப்போதுதான் தம் புருஷன் வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறதென்றும் சொல்லி, பேனருக்கடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அன்றைய அரிசியை அங்கேயே புடைத்தாள்.

அம்மன் ஊர்வலம் புறப்பட்டுவிட்டாள் என்று தளவாய் அண்ணாச்சி அறிவித்தார். பேட்டைத் தெருவோடு நின்ற விரதம் ஊர் முழுமைக்கும் விரிந்தது. சாரலூர் வேப்ப மரங்கள் பனிக்காலத்து மரங்களைப் போல மொட்டையாயின. ஊர் மக்கள் அவித்ததையும் வேகவைத்ததையும் தின்று தின்று முகம் வெளிறினார்கள். ரசம் என்ற பெயரில் புளித்தண்ணீர் குடித்தார்கள். ஆண்பிள்ளைகள் வேலை இருப்பதாய்ச் சொல்லி மினிபஸ் ஏறி ரயிலடிக்குப் போய், வடை தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நடையில் திரும்பினார்கள். கொழுந்துக்கு எவரெவர் போகிறார்கள் என்று தெரியும், அவன் சொன்னதில்லை.

விரதத்தோடு வைத்தியமும் நடந்தது. மஞ்சளும் சந்தனமும் பூசினார்கள். முல்தானி மண் பூசினார்கள். குற்றாலிங்கம் தம் பழைய டியூபில் பத்து வாங்கி, வெள்ளையடிக்கும் மட்டையால் பேனர் முகத்துக்கு அடித்தார். அது உடனே பளபளத்தது. பார்த்தீர்களா என்று அவர் தெருத்தெருவாய்ச் சொல்லி வந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் முகம் தோலுரிந்து, செங்கல்லாய்ச் சிவந்து, முன்பில்லாத இடங்களிலெல்லாம் கொப்பளித்து எழும்பிற்று.

அந்தச் சிவப்பைப் பார்த்தபோதுதான் கொழுந்து முதல் முறையாகத் தன் கன்னத்தைக் கையால் தடவிப் பார்த்தான். பேனரின் முகத்தில் நேர்ந்தது, தன் முகத்தில் முன்பே நேர்ந்தது. அங்கே இடத்தாடையில் கட்டியாய் நின்றது, இங்கே இடத்தாடையில் நின்றது. அவன் விடுப்புச் சொல்லிவிட்டுத் தென்காசிக்குப் போய், தோல் மருத்துவர் ஜமீலா முன்னால் உட்கார்ந்தான்.

அவர் விளக்கைச் சாய்த்து அவன் முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், என்ன பூசினாய் என்று கேட்டார், டியூபின் பெயரைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, அவசரமில்லாமல் சொன்னார். மயிர்க்கால் ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணெய் சுரக்கும் சிறு பை ஒன்று உண்டு. வயது வரும் காலத்தில் உடம்புக்குள் ஓடும் ஹார்மோன்கள் தூண்ட, அது மிகுதியாய்ச் சுரக்கும். உதிர வேண்டிய தோல் உதிராமல் துவாரத்தை அடைக்கும். எப்போதும் அங்கே குடியிருக்கிற கிருமி உள்ளே பெருகும். உடம்பு அதை எதிர்த்து நிற்க, இடம் சிவந்து வீங்கும். அதற்குப் பெயர்தான் பரு. தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு வர வாய்ப்பு அதிகம். அழுக்கினால் வருவதில்லை, மனத்தின் கெட்ட எண்ணத்தால் வருவதுமில்லை, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதே இல்லை. டியூபில் இருந்தது ஸ்டீராய்டு; அது முகத்துக்குக் கொடுத்தது கடன் வாங்கிய பளபளப்பு, இதுபோல் இனி எதையும் சீட்டில்லாமல் பூசாதே என்றார். இரவில் முகம் முழுதும் மெல்லியதாய்த் தடவ ஒரு ஜெல்லும், காலையில் வேறொன்றும், சில வாரங்களுக்கு மாத்திரையும் எழுதி, கிள்ளினால் தழும்பாகும் என்றும், முதலில் எரிந்து உரிந்து கூடினாற்போலத் தெரியும், கைவிட்டுவிடாதே என்றும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும் என்றும் சொன்னார்.

"ஆடிக்கு முன்னால கேக்காதா டாக்டர்?"

"தோல் பஞ்சாங்கம் பாக்காதுப்பா" என்றார் ஜமீலா. பேனரின் படத்தை அவன் செல்போனில் காட்டியபோது, அதையும் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "இதுவும் அதேதான். ஆனா துணிக்கு மருந்தெழுத எனக்கு அனுமதி இல்ல."

அவன் ஊர் வந்து, இது அம்மையல்ல, பரு என்று சொன்னான். எவரும் கேட்கவில்லை. டாக்டரம்மா பேனரை நேரில் பார்த்தாளா என்றார்கள். ஆம்பிளைக்கு எதற்கு முகத்துக்கு மருந்து என்று டீக்கடையில் ஒருவர் இழுத்தார். நிச்சயமான பெண் கைவிட்டுப் போகிற பயத்தில் உளறுகிறான் என்று இரக்கப்பட்டார்கள். கேலியை விட இரக்கம்தான் அவனைச் சுட்டது.

"வலிக்குன்னு மருந்து போடுதேன் அண்ணாச்சி, வெக்கத்துக்குப் போடல" என்று டீக்கடைக்காரரைப் பார்த்துச் சொன்னான் கொழுந்து. "எட்டு வருசமா என் மூஞ்சியில நின்னப்ப ஒருத்தரும் கன்னத்துல போட்டுக்கிடல. பேனர்ல வந்ததும் சாமியாயிருச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை, அம்மனுக்கு உகந்த நாளில், பட்டப்பகலில், அவன் வீட்டுக் கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு பேனரடிக்கு வந்தான். இரும்புச் சட்டியை ஏற்றினான். தெரு முழுதும் வாசலுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். அம்மா தாளிப்புக்குச் சினந்தால் முதலில் போவது கண் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். உலகம்மாள் தலைவிரி கோலமாய் ஓடிவந்து மகன் கையைப் பிடித்தாள்.

"எய்யா, ஒன் கண்ணு எனக்கு வேணும்யா. பொண்ணு வேற பாக்கலாம்."

"கண்ணு எனக்கும் வேணும்மா. அவளை நல்லாப் பாக்கணும்லா."

தளவாய் அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஏலே கொழுந்து, இது விளையாட்டில்ல. முத்து ஒண்ணு பெருத்தாலும் ஊரு ஒன்னைத் தாங்காது" என்றார்.

"பெருத்தா நான் மொட்டை போட்டு, அலகு குத்தி, இந்த ஊரை விட்டே போறேன் அண்ணாச்சி. பெருக்கலன்னா நீங்க அந்தத் தோரணத்தை அவுக்கணும்."

உலகம்மாள் மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கட்டிக் கொண்டுவந்திருந்த கடுகை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் கொட்டினாள். தடுக்க வந்தவள் அதை ஏன் கட்டிக்கொண்டு வந்தாள் என்று அவளை எவரும் கேட்கவில்லை.

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. உளுந்து சிவக்க, வற்றல் கருக, கறிவேப்பிலை சடசடத்துப் பொரிய, அந்த வாடை வாரக்கணக்காய்ப் பட்டினி கிடந்த தெருவில் ஒவ்வொரு வாசலாய் ஏறி இறங்கிற்று. தும்மினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், எச்சில் விழுங்கினார்கள். குற்றாலிங்கம் தம்மையறியாமல் இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். புகை நேரே மேலே எழும்பி மாப்பிள்ளையின் மூக்கைத் தடவிக்கொண்டு போயிற்று. கொழுந்து திரும்பித் தெருவைப் பார்த்தபடி, பேனருக்குப் பக்கத்தில், பேனருக்குப் பரு கண்ட நாள் முதல் முகத்தைப் பாதி மறைத்துக் கட்டியிருந்த கைக்குட்டையைக் கழற்றிவிட்டு நின்றான்.

அவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள், இந்த முகத்தைப் பார்த்தார்கள். மேலே ஒரு பருவும் பெருக்கவில்லை, ஒரு பருவும் சுருங்கவில்லை. நெற்றிக்கு நெற்றி, கன்னத்துக்குக் கன்னம், மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்தது.

பூசாரி நெடுநேரம் மூக்கை உறிஞ்சினார். "பெருங்காயம் போட்டியா?" என்று கேட்டார்.

"கடைசியாப் போட்டேன் அண்ணாச்சி."

"பெருங்காயத்துக்கும் அசையலன்னா அது அவ இல்ல" என்று தீர்ப்பளித்து, ஏணியில் தாமே ஏறி, தோரணத்தை அவிழ்த்து, ஒரு கொத்தைக் காதில் செருகிக்கொண்டு இறங்கினார். அன்று மாலை சாரலூரில் அப்பளம் பொரிக்காத வீடு இல்லை.

ஆனால் சொள்ளமுத்து மசியவில்லை. அம்மை இல்லையென்றால் தாலி கட்டத் தடையில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த அவலட்சணத்தைக் கழற்றிவிட்டு வழுவழுவென்று புதிதாய் ஒன்று கட்டினால்தான் என் சனம் வரும் என்று ஆளனுப்பினார். அருள்ராயனும் கும்பிட்ட கையோடு வந்து, தொழில் மானம் போகிறது, கூலியில்லாமலே இன்னும் அழுத்தித் தேய்த்து அடித்துத் தருகிறேன் என்று மன்றாடினான். எது வேண்டுமானாலும் கழற்றிப் போடு, பெண்ணைக் கைவிடாதே என்று உலகம்மாளும் சொன்னாள். கொழுந்து, பேனர் நிற்கும், அதன் கீழேதான் பந்தல் என்று திருப்பிச் சொல்லியனுப்பினான். சொல்லியனுப்பிவிட்டு அன்று மினிபஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரை மாற்றி மாற்றிக் கூவினான்.

மறுநாள் முன்பகல் நடையில், ரயிலடியில், சொள்ளமுத்து மகளோடு பஸ் ஏறினார். பேச்சை முறித்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். பகவதி முகம் முழுதும் பவுடர் அப்பி, கண்ணாடி ஓர இருக்கையில் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கும்போது அவனைப் பார்த்தாள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பேட்டைத் தெருவில் இறங்கியதும் நேரே பேனரடிக்குப் போய் நின்றாள். ஊர் கூடிற்று. இதோ பாருங்கள், என் பிள்ளை படத்துக்கு இவன் படம் ஒட்டவைத்த சீக்கு என்று சொள்ளமுத்து தொடங்கினார்.

பகவதி குழாயடியில் இருந்த குடத்தைச் சாய்த்து, எல்லோரும் பார்க்க முகத்தைக் கழுவினாள். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். தாடை ஓரத்தில், பேனரில் இருந்த அதே இடங்களில், அதே அரும்புகள் இருந்தன.

"யாரும் ஒட்டவைக்கலப்பா. இது என்னுது" என்றாள். "மாசாமாசம் வரும். நீங்க வீட்டுல பாக்கலையா, பாக்க மாட்டேன்னு இருந்தீங்களா?"

சொள்ளமுத்து துண்டால் தம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் கொழுந்துவின் பக்கம் திரும்பினாள். "படத்துல வழுவழுன்னு நின்னாளே, அவளைக் கெட்டணும்னா திருப்பூர் மச்சானும் கெட்ட முடியாது, நீங்களும் கெட்ட முடியாது. அவ இல்லவே இல்ல. என்னைக் கெட்டுதீங்களா?"

அவன் தலையாட்டினான். விசில் இன்னும் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பம் பேனர் நிக்கட்டும்" என்றாள் பகவதி. "இதை அவுத்தா அடுத்த நடையில நான் பஸ் ஏறிருவேன். அப்பறம் எங்கப்பா யாருக்குக் கொடுக்காவளோ, அந்தப் படத்தைச் சுருட்டிக் கொடுக்கட்டும்."

சொள்ளமுத்து மகளைப் பார்த்தார், மகளின் படத்தைப் பார்த்தார், பந்தல் கம்புகளோடு ஆயத்தமாய் நின்ற குற்றாலிங்கத்தைப் பார்த்தார். கடைசியில், தம் சனம் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் பேனர் கண்ணில் படாது என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு, சரி என்றார்.

அங்ஙனமே, மாப்பிள்ளையின் நெற்றியில் ஜெல் உரித்த தோல் செதில் செதிலாய் நிற்க, மணப்பெண்ணின் தாடையில் அந்த மாதத்து அரும்பு ஒன்று புதிதாய்ச் சிவந்திருக்க, பவுடர் டப்பாவை எவரும் திறவாமல், இரண்டாள் உயரத்தில் பருவோடும் வடுவோடும் எழும்பி நின்ற அவர்களுடைய முகங்களின் கீழே, திருமலைக்கொழுந்து பகவதியின் கழுத்தில் தாலி கட்டி வழக்கு முடிந்தது, ஆனித் திங்கள் பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.